மைக்கக்கா கார் ஷெட்டுக்கு வெள்ளையடித்த கதை

மாஸ்டர் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

"ஏம்மா, எதையுமே ஒரு தடவை சொன்னாப் போதாதா? என் காது என்ன செவிடா?" என்று அவர் கேட்டார்.

"போதும்," என்றாள் மனைவி. "மறுபடியும் சொல்றேன், போதும்."

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

அவள் மேலும் தப்பில்லை. இருபத்தாறு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று அறிவித்தவள். அங்கே எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது விதி. முதல் தடவை ஜனங்கள் "என்ன சொன்னாங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், இரண்டாவது தடவைதான் காதில் விழும். வேலையை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. "சாப்பாடு தயார். மீண்டும் அறிவிக்கிறோம், சாப்பாடு தயார்" என்று அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டில் தட்டு எடுத்து வைப்பார்கள். தெருவில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா.

அவள் கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். முப்பது வருஷத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் கற்றுக்கொடுத்திருக்கிறார். பள்ளியை மூடியபோது அந்தப் பழைய கார் மட்டும் வீட்டுக்கு வந்தது. பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் தனியாக ஒரு பிரேக் வைத்த கார். கூடவே பள்ளியின் சீருடைகளும் வந்தன, ஒன்பது ஜோடி, எல்லாம் சிமெண்ட் நிறம். வீணாகக்கூடாது என்று மாஸ்டர் தினமும் அதையே போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணி வரைக்கும் மைக்கக்கா கண்டுகொள்ளவில்லை. பத்தரைக்குத் தேடக் கிளம்பினாள். மாடி, குளியலறை, கிணற்றடி, தெருமுனை எல்லாம் பார்த்தாள். கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தாள். கார் இருந்தது, ஆளில்லை. இறக்கிவிட்டாள். அரை மணி கழித்து மனசு கேட்காமல் மறுபடி தூக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஆளில்லை. மறுபடி இறக்கினாள். பிறகு வாசலில் நின்று, தன்னையறியாமல் அந்தப் பழைய குரலில், "சிமெண்ட் கலர் சட்டை, சிமெண்ட் கலர் பேண்ட் அணிந்த ஐயா எங்கிருந்தாலும் உடனே வீட்டு வாசலுக்கு வரவும்" என்று இரண்டு தடவை அறிவித்தாள்.

பக்கத்து வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் ஓடிவந்தார். வாயைத் திறந்தபடி இருந்த ஒரு நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். நெற்றியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஷெட்ல பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன் தம்பி."

மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். டாக்டரின் நெற்றி விளக்கு பின்பக்கச் சுவரில் ஊர்ந்து போனது. சுவருக்கு நடுவில் இரண்டு கண்கள் தெரிந்தன. டாக்டர் அலறிவிட்டார்.

"போதும். இருக்கேன்," என்றது சுவர்.

சுவரோடு சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரமாக மாஸ்டர் அங்கேதான் நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "ரெண்டு தடவை என் மூஞ்சியப் பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம ஷட்டர இறக்கிட்டுப் போயிட்டியே! முப்பத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு இதான் மரியாதையா?"

மைக்கக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எது எங்கே முடிகிறது என்று இப்போதும் சரியாகப் பிடிபடவில்லை.

"இந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கணும்," என்றாள்.

"நான் வேணா சட்டைய மாத்திக்கறேனே," என்றார் மாஸ்டர், கொஞ்சம் இறங்கிவந்து.

"சட்டைய தினம் மாத்தணும். சுவர ஒரு தடவை மாத்தினாப் போதும்."

ஷெட்டைக் கட்டிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சிமெண்ட் கல்லை அடுக்கி முடித்த கொத்தனார், "பூச்சு வேலைய அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. கல்லுக்குக் கல் இடுக்கில் பிதுங்கி வழிந்த கலவை, நாக்கை நீட்டின மாதிரி அங்கங்கே காய்ந்து தொங்கியது. எட்டடி உயரத்தில் ஒரே ஒரு பல்பு. அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான் வெளிச்சம் கொடுத்தது. மூன்று பக்கமும் ஆணி. ஆணிகளில் தொங்கியதெல்லாம் மாஸ்டரின் சொத்து: வளைவுக் குறி போட்ட பலகைகள், ஹாரன் அடிக்காதே பலகை, தேய்ந்துபோன பதினான்கு வைப்பர், யாரோ மாணவர் பயத்தில் விட்டுப்போன ஒற்றை ஷூ.

"இதெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேவை இருக்கு."

"ஒத்த ஷூவுக்கு?"

"அந்தாளு திரும்பி வந்தா?"

மைக்கக்கா பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் விசிறி மாதிரி ஓர் அட்டையை விரித்தார். அதில் பதினொரு வெள்ளை இருந்தன. பால் வெள்ளை, முத்து வெள்ளை, மேக வெள்ளை, அமைதி வெள்ளை.

"பால் வெள்ளைக்கும் அமைதி வெள்ளைக்கும் என்னங்க வித்தியாசம்?"

கடைக்காரர் இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "பேருதாங்க," என்றார்.

ஆனால் விஷயம் தெரிந்த மனிதர். வேலையை அவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். துருத்திக்கொண்டிருக்கும் கலவையைத் தட்டி எடுக்கணும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கணும். ஓட்டையை அடைச்சு, கழுவி, நல்லாக் காயவிட்டு அப்புறம்தான் பிரைமர். "கல்லு குடிக்குங்க. முதல் பூச்சுக்கு எவ்வளவு குடுத்தாலும் குடிக்கும். பயந்துடாதீங்க. அது குடிச்சு அடங்கின பிறகு ரெண்டு கோட்டு பெயிண்ட். ஷட்டரத் திறந்தே வெச்சு அடிங்க, இல்லாட்டி தலை சுத்தும்."

எந்த வெள்ளை என்பதை முடிவு செய்தது பல் டாக்டர். மறுநாள் மதிய இடைவேளையில் அவர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அதில் பல் நிறங்கள் வரிசையாகக் கோர்த்து இருந்தன, வெளுப்பிலிருந்து பழுப்பு வரைக்கும் பதினாறு பல். கட்டுப் பல் செய்யும்போது நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது. அதை அவர் ஷெட் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"இது வேணாங்க்கா. இது அம்பது வயசு, டீ நிறையக் குடிக்கிற ஆளு. இதோ பாருங்க, இருபது வயசு, கடைவாய்ப் பல்லு, ஒரு சொத்தை கிடையாது. கண்ணையும் உறுத்தாது, அழுக்கையும் காட்டாது."

பெயிண்ட் கடைக்காரரிடம் அந்தப் பல்லைக் கொடுத்தபோது அவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒத்துப்பார்த்து, அது முத்து வெள்ளை என்று கண்டுபிடித்தார்.

கார் தெருவோரம் போய் நின்றது. வேலை ஆரம்பமானது. மைக்கக்கா மாஸ்டரின் பழைய சீருடைச் சட்டையொன்றைப் போட்டு, தலையில் துணி கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உளியும் சுத்தியும் எடுத்தாள். முதல் நாள் நாக்குகளை வெட்டினாள். இரண்டாம் நாள் கம்பி பிரஷ். புழுதியில் அவள் உருவம் மறைந்துபோய், குரல் மட்டும் கேட்டது: "கிழக்குச் சுவர் மூணாவது வரிசை முடிந்தது. மீண்டும் அறிவிக்கிறோம்."

மூலையில் ஓரிடத்தில் கல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மாஸ்டர் அதைக் காட்டி, "பாத்தியா, பாதி தானாவே வெள்ளையாகுது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா முழுசும் ஆயிடும்," என்றார்.

உப்பு சும்மா பூக்காது என்று மைக்கக்காவுக்குச் சந்தேகம். சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தாள். தோட்டக் குழாயின் மூட்டு சத்தமில்லாமல் கசிந்து, சுவரை வருஷக்கணக்கில் நனைத்துக்கொண்டிருந்தது. குழாயைச் சரிசெய்து, நாலு நாள் ஓதம் காயவிட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாள். பாதி வேலை போச்சே என்று மாஸ்டர் வருத்தப்பட்டார்.

மாஸ்டரின் சொத்தையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு ஆணிகளைப் பிடுங்கியபின் சுவரில் நூற்றுக்கும் மேல் ஓட்டைகள் இருந்தன. அவள் கலவையை எடுத்து அப்பப் போன சமயத்தில்தான் டாக்டர் எட்டிப்பார்த்தார்.

"ஐயோ அக்கா! உள்ள சுத்தம் பண்ணாம அடைக்கக் கூடாது. ஆறு மாசத்துல கழண்டு வந்துடும்."

கிளினிக்குக்கு ஓடிப்போய் வளைந்த ஊசியும் காற்றடிக்கும் குழலும் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஓட்டையாகச் சுரண்டி, ஊதி, உள்ளே எட்டிப்பார்த்து, "ம், இப்ப அடைங்க" என்றார். மனுஷனால் நிறுத்த முடியவில்லை. தினமும் மதியம் இருபது ஓட்டை. அடைத்து முடித்துச் சுவரைக் கழுவியபோது, "நல்லாக் கொப்புளிச்சுத் துப்பட்டும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

பிரைமர் நாள் வந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கல் குடித்தது. ரோலரை வைத்த இடத்தில் வெள்ளை ஒரு கணம் தெரியும். கண்ணை மூடித் திறந்தால் காணோம். கிழக்குச் சுவரில் நாலாவது வரிசை ஏழாவது கல் மூன்று தடவை குடித்தும் அடங்கவில்லை. "குடிகாரக் கல்லு" என்று மைக்கக்கா அதற்குப் பெயர் வைத்தாள்.

மாஸ்டருக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஷெட் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ரோலர் நகர நகர அவருடைய வலது கால் தானாகத் தரையை அமுக்கியது.

"ஸ்டெடி... ஸ்டெடி... எங்க போற? உன் லேன்ல போ. கார்னர் வருது, வேகத்தக் குறை. இப்ப பக்கத்து லேனப் புடி, சீக்கிரம், இந்த ஓரம் காயறதுக்குள்ள புடிச்சாத்தான் கோடு விழாது!"

கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே சரி. ஓரம் காய்ந்தபின் தொட்டால் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிகிறது என்பதை அவளும் கவனித்திருந்தாள். "சரிங்க மாஸ்டர்," என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அன்று முழுவதும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

பதினெட்டாவது நாள் வேலை முடிந்தது. பல்பை மாற்றி நீள விளக்கு இரண்டு போட்டார்கள். போட்டது வீண், பகலில் விளக்கே வேண்டியிருக்கவில்லை. ஷட்டரைத் தூக்கினால் உள்ளேயிருந்து வெளிச்சம் தெருவுக்கு வந்தது. மாஸ்டர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நுழைந்து, மூன்று பக்கமும் பார்த்து, "இங்கயே குடி வந்துடலாம் போல இருக்கே" என்றார். மறுநாள் பல் டாக்டர், கன்னத்தில் பஞ்சோடு ஒரு பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "பாத்துக்குங்க ஐயா, உங்களுக்கு வெக்கப் போற பல்லு இந்தக் கலர்தான்." பெரியவர் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வாயைத் திறக்க முடியாததால் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது.

காரை உள்ளே விட மாஸ்டர் ஏறினார். பின்னோக்கித்தான் விட வேண்டும். தெரு அவ்வளவு குறுகல். கண்ணாடியைச் சரிசெய்தார், பின்னால் பார்த்தார், பாதி தூரம் வந்தார், நின்றார். முன்னால் போனார். மறுபடி வந்தார். மறுபடி நின்றார். கதவைத் திறந்து இறங்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க நிறுத்தறதுன்னு தெரியல," என்றார்.

பதினோரு வருஷமாக அவர் காரை நிறுத்தியது கண்ணால் இல்லை, அடையாளத்தால். நீட்டிய நாக்கு கண்ணாடியில் தெரிந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கணும். சுவரிலிருந்த எண்ணெய்க் கறை நடுவுக்கு வந்தால் நேராக்கணும். ஹாரன் அடிக்காதே பலகையின் சிவப்பு வட்டம் முழுசாகத் தெரிந்தால் பிரேக். இப்போது நாக்கு இல்லை, கறை இல்லை, பலகை இல்லை. "மேகத்துக்குள்ள பின்னாடி போற மாதிரி இருக்கு."

ஒன்பது தடவை முயன்றார். அதற்குள் தெரு கூடிவிட்டது. கூட்டத்தில் மூன்று பேர் அவரிடமே கற்றுக்கொண்டவர்கள். அதில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் மிகுந்த மரியாதையோடு பக்கத்தில் வந்து, "மாஸ்டர், நான் உள்ள விட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது மாஸ்டருக்கு. "இன்ஜின் சூடா இருக்கு. ஆறட்டும்," என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். இன்ஜின் இரண்டு நாள் ஆறியது. பகலெல்லாம் காரிலேயே இருந்தார். சாப்பாடு ஜன்னல் வழியாகப் போனது.

மைக்கக்கா தன்னால் ஆனதைச் செய்துபார்த்தாள். ஷெட் வாசலில் நின்று குரலால் வழிகாட்டினாள். "இடதுபக்கம் திருப்பவும். மீண்டும் அறிவிக்கிறோம், இடதுபக்கம் திருப்பவும்." மாஸ்டர் இரண்டு தடவையும் திருப்பினார். பம்பர் போய் கேட் தூணில் முட்டியது.

"ஒரே ஒரு கறுப்புப் புள்ளி," என்று கெஞ்சினார் மாஸ்டர். "இவ்வளவூண்டு. கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத புள்ளி உங்களுக்கு எதுக்கு?"

"சொத்தைப் பல்லு மாதிரி இருக்கும் சார்," என்றார் மதில் மேல் எட்டிப்பார்த்த டாக்டர்.

மூன்றாம் நாள் காலை மைக்கக்கா டீ டம்ளரோடு வந்து ஜன்னலில் நின்றாள். அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நகருங்க."

"எங்க?"

"அந்த சீட்டுக்கு. நான் விடறேன்."

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு ஆளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை. குடும்பம் குடும்பமாக இருக்கணும் என்றால் அது கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் இரண்டு நாளாகக் காரில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நகர்ந்தார். பக்கத்து சீட்டின் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டார்.

எது கிளட்ச், எது பிரேக், எப்படி மெதுவாக விடணும் என்று சொன்னார். மூன்று தடவை கார் குதித்து நின்றது. நாலாவது தடவை நகர்ந்தது. அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன தெரியுது?" என்றார் மாஸ்டர். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

"நாலாவது வரிசை, ஏழாவது கல்லு. குடிகாரக் கல்லு. அதுக்குக் கீழ டாக்டர் தம்பி சுரண்டி நான் அடைச்ச ஓட்டை மூணு, லேசா மேடு தட்டிப்போச்சு. அந்தப் பக்கம் நீங்க பேச்சுக் குடுத்து நான் ரோலர நிறுத்தின இடம், ஒரு கோடு இருக்கு. எல்லாம் தெரியுதே?"

ஒவ்வொரு கல்லையும் பதினெட்டு நாள் கையால் தடவியவள். மற்றவர்களுக்கு மேகமாக இருந்தது அவளுக்குத் தெரிந்த தெரு. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாள், அந்தக் கோடு நடுவுக்கு வந்ததும் நேராக்கினாள், குடிகாரக் கல் கண்ணாடியை நிறைத்ததும் நிறுத்தினாள். மாஸ்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் சரியாக ஒரு சாண். அவர் கால் ஒரு தடவைகூடப் பிரேக்கை அமுக்கியிருக்கவில்லை.

தெருவில் யாரோ கைதட்டினார்கள். மாஸ்டர் ஜன்னலோரம் வந்து குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பாராட்டு வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"ஹேண்ட் பிரேக் போடணும்," என்றார்.

ஆனால் அன்று சாயங்காலம் பள்ளியின் பழைய மாணவர் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, கடைசிப் பெயருக்குக் கீழே அழகான கையெழுத்தில் மனைவியின் பெயரை எழுதினார். வயது என்ற இடத்தில் இரண்டு வருஷம் குறைத்தே போட்டார். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரிந்தவர்" என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து முறைப்படி பாடம் ஆரம்பித்தது. அங்கேதான் விசித்திரம். மைக்கக்காவுக்கு முன்னால் ஓட்ட வரவே இல்லை. எத்தனை நாள் தலைகீழாக நின்றும் பலனில்லை. "முன்னால போனா எல்லாம் மேல வந்து விழற மாதிரி இருக்குங்க," என்றாள். பின்னால் மட்டும் எந்தச் சந்திலும் எந்த இடுக்கிலும் நூல் பிடித்த மாதிரி விட்டாள். மாஸ்டருக்கோ முன்னால் எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது; திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையத்தான் முடியவில்லை. ஆக ஒருவரை விட்டு ஒருவர் எங்கும் போக முடியாமல் போனது. மாஸ்டர் தனியாகச் சுற்றுவது நின்றது. திரும்பி வரும்போது கேட் முன்னால் கார் நிற்கும், இரண்டு பேரும் இறங்கி, காரைச் சுற்றி வந்து, இடம் மாறி உட்காருவார்கள். பின்னால் வருகிற வண்டிகள் காத்திருக்கும். அந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

முறைப்படி உரிமம் எடுத்துவிடலாம் என்று மாஸ்டர்தான் அவளைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் ஓட்டச் சொன்னபோது மைக்கக்கா இரண்டு ரப்பர் கூம்பைச் சாய்த்து, மூன்றாவதைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் ஓட்டச் சொன்னபோது, வளைவும் நெளிவுமாகக் கோடு போட்டிருந்த மைதானம் முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றி, கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். தேர்வு அதிகாரி தாளைப் பார்த்தார். இப்படி ஒரு ஆளுக்கு அதில் கட்டம் இல்லை.

"ரிவர்ஸ் யாரும்மா சொல்லிக் குடுத்தது? இப்படி நான் பாத்ததே இல்ல."

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். செவுத்துல அடிச்சு அடிச்சு நானே கத்துக்கிட்டேன்."

அதிகாரி வெளியே நின்றிருந்த காரின் பம்பரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரவாயில்லம்மா, அடிபடாமக் கத்துக்கறது கஷ்டம்தான்," என்று ஆறுதல் சொல்லி, அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார்.

அந்த அடுத்த மாதம் போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. மைக்கக்கா போகவில்லை. மாடிப்படிச் சுவரை முழுக்கச் சுரண்டி வைத்திருக்கிறாள். அதைப் பாதியில் விட்டுவிட்டு எங்கே போவது என்கிறாள். மாஸ்டர் மூன்றாவது படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.